அத்தை சொல்லாத பெயர்

செப்டம்பர் 8

இது போன வருடத்து டைரி. ஷிப்பிங் ஏஜென்சிக்காரர்கள் யார்டுக்குக் கொடுத்ததில் மிஞ்சியது. கிழமைகள் தப்பாக இருக்கும். தேதி மட்டும் போதும்.

மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஐஸ் கம்பெனியில் கட்டியைக் கொக்கி போட்டு அரவை மிஷின் பக்கம் இழுக்கும்போது சறுக்கி விழுந்தார். ஐம்பத்தொன்பது வயது மனிதர், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார். பூட்ஸ் கொடுக்க வேண்டியது கம்பெனி. கொடுப்பதில்லை. லோடு ஆட்டோவில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்து அத்தைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நான் அப்போது துறைமுகத்தில், யார்டு கேட்டில், கன்டெய்னர் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன்.

உள்ளே கம்பி வைக்க வேண்டும், காப்பீட்டு அட்டை இருந்தால் அதிலேயே முடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மாமா என்னைப் பார்த்ததும் சொன்னது: "ஐஸ்ல கெடந்த மீனு மக்கா. நாலு நாள் கெட்டுப் போவ மாட்டேன்."

செப்டம்பர் 9

காப்பீட்டுப் பிரிவு என்பது எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உள்ளே சண்முகக்கனி என்ற பெண் அலுவலர். பக்கத்தில் கம்ப்யூட்டரில் இன்னொரு பெண்.

"கார்டுல சூசைன்னு இருக்கு. விபத்துப் பதிவேட்டுல ஜோசப்னு இருக்கு. யாரும்மா இந்த ஜோசப்?"

"ரெண்டும் ஒரே ஆளுதான் மேடம். எங்க மாமா. என் வீட்டுக்காரரோட அப்பா."

"அட்மிஷன் போடும்போது பேரு சொன்னது யாரு?"

"அத்தை. அவங்க வீட்டுக்காரம்மா."

"சொந்த வீட்டுக்காரர் பேர மாத்தியா சொல்லுவாங்க?"

"பதட்டத்துல சொல்லிருப்பாங்க."

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போன மாதம் யாரோ அண்ணன் அட்டையை வைத்துத் தம்பிக்கு ஆபரேஷன் செய்யப் பார்த்தார்களாம். இவருக்கு மெமோ வந்திருக்கிறது. பதிவேட்டில் எழுதியது போலீசுக்குப் போய்விட்டதால் அதை அடித்துத் திருத்த முடியாது.

"ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு எழுதிக் கொடுங்க. காரணம் சரியா இருந்தா நான் மேல அனுப்பிருவேன். அவ்வளவுதான்."

அதே நாள், சாயங்காலம்

காரணம் எனக்குக் கேட்காமலே தெரியும். ஆனாலும் அத்தையை மாடிப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"அவிய பேர நான் எப்பிடிளா சொல்ல?"

"ஆஸ்பத்திரியில கேட்டா சொல்லித்தான ஆவணும்?"

"அதான் சொன்னேன்ல. இங்கிலீசுல சொன்னேன். சூச... அந்தப் பேருக்கு இங்கிலீசு அதுதானன்னு டெரன்ஸு சின்னப் புள்ளையில சொல்லிருக்கான். இங்கிலீசுல சொன்னா குத்தமில்லல்லா?"

பாதிப் பெயர் வெளியே வந்ததற்கே நாக்கைக் கடித்துக்கொண்டு சிலுவை போட்டாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். சாயங்கால ஜெபமாலையில் எல்லோரும் "சேசு மரி சூசை" என்று முடிப்போம். அத்தை "சேசு, மரி" வரைக்கும் வந்து நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் சூசையப்பர் படத்தை ஒரு பார்வை பார்ப்பாள். புனிதருக்கும் அதே பெயர் என்பதால் அவருக்கும் அந்த மரியாதை. கல்யாணம் ஆன புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. இரண்டாவது வருடத்திலிருந்து எரிச்சல். மாமா "ஏ மிக்கேலு" என்று தெருமுனையிலிருந்து கத்துவார். மிக்கேலம்மாள் மட்டும் அவர் பெயரை வாயில் வைக்கக்கூடாது. நான் என் புருஷனை டெரன்ஸ் என்றுதான் கூப்பிடுகிறேன். அவன் வெளிநாட்டில், சலாலாவில், உயிரோடுதான் இருக்கிறான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்தக் கண்ணாடிக்குள் கொடுக்க என்னால் முடியாது. நம்மைப் பார்த்துச் சிரிக்க அவர்களிடம் ஏற்கெனவே போதுமான காரணங்கள் இருக்கின்றன. கடற்கரைத் தெருவிலிருந்து வருகிறோம் என்றாலே மூக்கைப் பொத்துகிறவர்கள்.

சூசையும் ஜோசப்பும் ஒரே பெயர். அது உண்மை. அதை நிரூபித்துவிட்டால் காரணம் எதற்கு?

செப்டம்பர் 11

இரண்டு நாள் சம்பளமில்லாத விடுப்பு. யார்டு கான்ட்ராக்டர் "உனக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்டான். இதுதான் வேலை என்றேன்.

ஐஸ் கம்பெனிக்குப் போனேன். எங்கள் தொழிலாளி சூசை எட்டாம் தேதி இங்கே விழுந்து அடிபட்டார் என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும். சூப்பர்வைசர் கனகவேல் மாமாவோடு பதினோரு வருடம் ஒரே கேனில் டீ குடித்தவர். வெளியே வந்தவர் உட்காரச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரி புக்குல என்ன பேரு?"

"ஜோசப்."

"எங்க ரிஜிஸ்டர்ல ஜோசப்னு ஆளே கெடையாதும்மா."

"சூசைன்னு இருக்குமே."

"சூசை இருக்காரு. அவரு எட்டாந்தேதி லீவு."

இதைச் சொல்லும்போது அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி மாடியில் இருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

ஒரு மனிதனை வேலையிலிருந்து நீக்கக்கூடச் சிரமப்பட வேண்டாம் போலிருக்கிறது. அவனுக்கு இரண்டு பெயர் இருந்தால் போதும். விழுந்தவன் ஒருவன், லீவு போட்டவன் இன்னொருவன்.

கேட்டுக்கு வெளியே நின்று அவர்களுக்குக் கேட்கும்படி நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். என்ன திட்டினேன் என்பதை எழுதப்போவதில்லை. அத்தைக்கும் படிக்கத் தெரியும்.

செப்டம்பர் 12

கோவிலில் உதவிப் பங்குத்தந்தை கிளாடியஸ். இளவயது, வாலிபால் விளையாடுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் "இதுக்கு எங்கிட்ட ஆதாரம் இருக்கு, வாங்க" என்று சாவியை எடுத்தார். இப்படி ஒரு கேள்விக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர் மாதிரி.

ஞானஸ்நானப் பதிவேட்டில் மாமா இருந்தார். லத்தீனில். ஜோசெபுஸ். அவருடைய அப்பா பெயரும் ஏதோ -உஸ் என்று முடிந்தது. கட்டுமரக்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களில் ரோமாபுரி ராஜாக்கள் மாதிரி இருக்கிறார்கள்.

ஃபாதர் சொன்னதை எழுதிவைக்கிறேன். மூலம் எபிரேயம்: யோசேப். "இன்னும் கொடுப்பார்", "கூட்டித் தருவார்" என்று அர்த்தம். பிள்ளை இல்லாமல் தவித்த ஒருத்தி, ஒன்று பிறந்ததும், இன்னொன்றும் கடவுள் தரட்டும் என்று வைத்த பெயர். அரபியில் யூசுப். இங்கிலீஷில் ஜோசப். இத்தாலியில் ஜுசெப்பே, அங்கேயே செல்லமாகப் பெப்பே. போர்த்துகீசியரிடம் ஜோசே. அவர்கள் கப்பலில் வந்து நம் கடற்கரையில் முழுக்காட்டியபோது அந்த ஜோசே நம் வாயில் சூசை ஆனது. பைபிளில் யோசேப்பு. இப்போது தமிழ்ப் பற்றுள்ளவர்கள் வளன் என்று வைக்கிறார்கள். அதற்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான், பெருகுகிறவன்.

"ஆக, எங்க மாமா பேருக்கு இன்னும் வேணும்னு அர்த்தமா?"

"அப்படித்தான்."

"முப்பது வருஷமா அவருக்கு எவனும் கூடுதலா ஒண்ணும் கொடுத்ததில்ல ஃபாதர்."

சிரித்துவிட்டார். பிறகு, தான் சிரித்தது சரியில்லை என்று நினைத்தவர் மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர். பங்கு முத்திரையோடு கடிதம் கொடுத்தார். பதிவேட்டுப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று தோன்றுகிறது. கப்பலில் வந்தவன் ஒரு பெயர் வைத்தான். பள்ளிக்கூடம் நடத்தியவன் இன்னொன்று. யாரிடம் வேலையோ சோறோ கடவுளோ இருந்ததோ அவன் வைத்ததுதான் பெயர். நாமும் அதை வாங்கி, நம் நாக்குக்குத் தக்கபடி உடைத்து, நமதாக்கிக்கொண்டோம். அந்த உடைத்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 13

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலில் எடை தொங்கப் படுத்துக்கொண்டே ரசித்துக் கேட்டார். பெப்பே என்பதை நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

"பஹ்ரைன்ல என்னைய யூசுப்புன்னுதாம்லா கூப்பிடுவான், படகு முதலாளி. அட்டை கூடக் கொடுத்தான். தகரப் பெட்டியில கெடக்கும், எடுத்துக்க."

அடுத்த கட்டில்காரர் மாடியிலிருந்து விழுந்த கொத்தனார். அவர் மனைவி பாத்திமுத்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க கொழுந்தன் பேரும் யூசுப்தான். அப்ப நீங்க எங்களுக்குக் கொழுந்தன் முறை," என்று மாமாவுக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். அத்தை பதிலுக்குச் சாளை மீன் குழம்பு. இந்த வார்டில் சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் அட்டை கேட்பதில்லை.

மாமா கேட்டார்: "எல்லாம் சரி. உங்க அத்தை ஏன் மாத்திச் சொன்னான்னு அந்த அம்மாட்ட சொல்லியாச்சா?"

பேச்சை மாற்றினேன்.

செப்டம்பர் 14

யார்டில் இரட்டை ஷிஃப்ட். கால் வலி. சாயங்காலம் வார்டில் எல்லோருமாக மாமாவின் பெப்பே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பர் 15

ஆறு தாள்கள். லத்தீன் பதிவேடு, பங்குக் கடிதம், பஹ்ரைன் அட்டை, ஆதார், ரேஷன் அட்டை, நான் எழுதிய ஒரு பக்க விளக்கம். ராத்திரியில் எழுதி, காலையில் சுத்தப் பிரதி எடுத்தது. எபிரேயத்திலிருந்து தொடங்கியிருந்தேன்.

சண்முகக்கனி முழுவதும் படித்தார். அதைச் சொல்ல வேண்டும். பாதியில் வைக்கவில்லை.

"நல்லா எழுதிருக்கம்மா. ஆனா நான் கேட்டது இது இல்ல."

"ரெண்டும் ஒரே பேருன்னு இதுல இருக்குல்ல மேடம்."

"ஊர்ல எத்தன ஜோசப் இருக்கான், எத்தன சூசை இருக்கான். பேரு ஒண்ணா இருக்கலாம். ஆளு ஒண்ணான்னு யாரு சொல்லணும்? கார்டுல சூசைன்னு இருக்கையில ஒரு பொம்பள வந்து ஜோசப்னு ஏன் சொன்னாங்க? அதுக்கு ஒரு வரி வேணும். அவங்களையே வரச் சொல்லு."

"அத்தை ஊருக்குப் போயிருக்காங்க."

பொய். அத்தை அப்போது மேலே வார்டில் மாமாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர்கள் அத்தையை அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்து, "சொல்லும்மா, பேரு என்ன, சத்தமா சொல்லு" என்று கேட்பார்கள். அவள் தலைகுனிந்து நிற்பாள். பின்னால் வரிசை சிரிக்கும். அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

டாக்டர் சொல்லிவிட்டார்: பத்தொன்பதாம் தேதி ஆபரேஷனுக்கு மாமாவின் முறை. காப்பீடு அதற்குள் வராவிட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. அதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிடும், கால் குட்டையாகும். குட்டைக் காலோடு ஐஸ் கட்டி இழுக்க முடியாது. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 16

ஒரே நபர் சான்று என்று ஒன்று உண்டாம். தாலுகா ஆபீசில் கேட்டேன். பதினைந்து நாள்.

டெரன்ஸ் போன் செய்தான். எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா பேர் சொல்லாதுன்னு சொல்லிர வேண்டியதுதான ஜெசிந்தா?" என்றான்.

"உனக்கென்ன, நீ அங்க உக்காந்துக்கிட்டு சொல்லுவ."

"உனக்கு வெக்கமா இருக்கா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 17

காலை பத்து மணிக்கு மறுபடி கண்ணாடித் தடுப்பு. சண்முகக்கனி கோப்பைத் திருப்பி அனுப்பும் தாளை எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. யார்டில் நம்பர் படித்த பழக்கம். "வேறு நபரின் அட்டையோ என ஐயம்" என்று இருந்தது.

நான் குரலை உயர்த்தினேன். பணக்காரன் மூன்று இனிஷியலோடு நாலு பெயர் வைத்துக்கொண்டால் அவனிடம் இப்படிக் கேட்பீர்களா என்றேன். ஏழை ஒரு பெயரை இரண்டு பாஷையில் வைத்திருந்தால் திருடனா என்றேன். வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் சொன்னது எல்லாமே சரி. எதுவுமே அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

அப்போது பின்னாலிருந்து அத்தையின் குரல்.

"ஏளா, சத்தம் போடாத. அந்த அம்மா என்ன செய்யும்."

கையில் தூக்குவாளி. மாமா அனுப்பியிருக்கிறார். கீழே போய் உள்ளதைச் சொல்லு, மருமகள் சொல்ல மாட்டாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அத்தை என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போனாள். தலைகுனியவில்லை.

"பேரு சொன்னது நாந்தாம்மா. அவிய பேர நான் சொல்றதில்ல. அன்னைக்கு அவிய வலியில கெடந்தாவ, பேரு பேருன்னு கேட்டாங்க. அதான் இங்கிலீசுல சொன்னேன்."

சண்முகக்கனி பேனாவை வைத்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத ஒரு வாரமா சொல்றதுக்கு என்ன?"

நான் கோப்பில் இருந்த என் ஆறு தாளையும் பார்த்தேன்.

"ஊருக்குப் போயிருக்காங்கன்ன?"

"நான் எந்த ஊருக்கும் போவலையே," என்றாள் அத்தை.

கம்ப்யூட்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தது அத்தையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"எங்க அப்பா பேரு முருகன்," என்றார் சண்முகக்கனி. "எங்கம்மா கோயில்ல போயி, பிள்ளையார் தம்பி காப்பாத்துன்னுதான் கும்பிடுவா. ரேஷன் கடைக்குப் பேரு சொல்லன்னே என்னைய ஸ்கூலுக்கு லீவு போடச் சொல்லி இழுத்துட்டுப் போவா." திருப்பி அனுப்பும் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். எழுதிக்கொண்டே வாசித்தார்: "கணவர் பெயரை உச்சரிக்கும் வழக்கம் இல்லாத காரணத்தால், நோயாளியின் மனைவி மிக்கேலம்மாள் ஆகிய நான், அவரது பெயருக்கு இணையான ஆங்கிலப் பெயரைக் கூறிவிட்டேன்." பிறகு சொன்னார்: "இணையானதுங்கறதுக்குத்தான் உன் ஆறு தாளும். அதையும் பின்னால வச்சுத் தைச்சுருவோம். வீணாப் போகல."

அத்தை கையெழுத்துப் போட்டாள். இரண்டு சாட்சி வேண்டும் என்றதும் வரிசையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். பாத்திமுத்து கீழே வந்திருந்தாள், முதல் கையெழுத்து அவளுடையது. ஒருத்தி, வலது கையில் கட்டுப் போட்டவள், "நானும் சொல்ல மாட்டேன்பா, எனக்கு ஒருவாட்டி பாஸ்புக்கே கெடைக்கல," என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்த சிரிப்பு இல்லை அது.

வழக்கம் கேவலமானது என்று இப்போதும் சொல்கிறேன். ஆண்களில் ஒருவன்கூட மனைவி பெயரைச் சொல்ல முடியாமல் பாஸ்புக் இழந்ததில்லை. ஆனால் எட்டு நாள் மாமாவின் கால் தொங்கிக் கிடந்ததற்கு அந்த வழக்கம் காரணம் இல்லை. யார் காரணம் என்று இந்த டைரிக்குத் தெரியும்.

படியேறும்போது அத்தை கேட்டாள்: "சாப்ட்டியாளா?" அவ்வளவுதான். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செப்டம்பர் 18

அனுமதி வந்துவிட்டது. மாமாவுக்குச் சவரம் செய்துவிட்டார்கள். பத்து வயது குறைந்துவிட்டார்.

செப்டம்பர் 19

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றே முக்காலுக்கு வெளியே. கம்பி நன்றாக உட்கார்ந்திருக்கிறது, ஆறு வாரத்தில் வாக்கர் பிடித்து நடப்பார், பிறகு வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எந்த வேலைக்கு, எந்தக் கம்பெனிக்கு என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிவிட்டேன். அதில் எபிரேயம் இல்லை. எட்டாம் தேதி என்ன நடந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. லோடு ஆட்டோக்காரரின் பெயரும், அவர் கையெழுத்தும்.

மயக்கம் தெளியும் அறைக்குள் இரண்டு பேரை மட்டும் விட்டார்கள். மாமா அசையாமல் கிடந்தார். நர்ஸ் கட்டிலில் தொங்கிய கேஸ் அட்டையைப் பார்த்துக் கன்னத்தில் தட்டினார்.

"ஜோசப்பு ஐயா. ஜோசப்பு ஐயா, கண்ணத் தொறங்க."

அசைவில்லை.

"நீங்க கூப்பிடுங்கம்மா. பேரு சொல்லிக் கூப்பிடுங்க, அப்பதான் முழிப்பாங்க."

என்னைத்தான் சொன்னார். இந்தப் பத்து நாளில் அந்தப் பெயரை நான் ஐஸ் கம்பெனியில், கோவிலில், தாலுகா ஆபீசில், கண்ணாடித் தடுப்பில் நூறு முறை சொல்லியிருப்பேன். குனிந்து வாயைத் திறந்தேன். அந்த முகத்துக்கு நேராக வரவில்லை. நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

"மாமா," என்றேன்.

இமை லேசாக அசைந்தது. அதற்கு மேல் இல்லை.

அத்தை தூக்குவாளியைக் கீழே வைத்தாள். கட்டில் பக்கம் வந்தாள். சோறு ஆறுகிறது என்று சொல்லும்போது எப்படிக் கூப்பிடுவாளோ அதே குரலில், சத்தம் கூட்டாமல், கூப்பிட்டாள்.

"என்னாங்க."

"ஆங்," என்றார் மாமா. கண்ணைத் திறந்து, தேடி, "மிக்கேலு" என்றார்.

நர்ஸ் மணியைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லியபடியே அட்டையில் எழுதினார்: "பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பதில் சொன்னார்."

நான் திருத்தச் சொல்லவில்லை.